ஈராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு பள்ளி நிர்வாக மென்பொருள்: தாமிரபரணிக் கரைப் பள்ளி ஒன்றின் மதிப்பீடு

சேரன்மகாதேவிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் இடையே ஆற்றங்கரையை ஒட்டியுள்ள அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் கணினி ஆசிரியராகப் பணிபுரிகிறேன். சேர்க்கை, வருகை, மதிப்பெண், சான்றிதழ், பெற்றோருக்குச் செய்தி, இணையவழிக் கற்றல் ஆகிய எல்லாவற்றையும் ஒரே மென்பொருளில் செய்துகொள்ளலாம் என்று சொல்லி விற்கப்படும் பள்ளி நிர்வாக மென்பொருள் ஒன்றை 2024 ஜூன் முதல் பயன்படுத்திவருகிறோம். இரண்டு கல்வியாண்டுகள் முடிந்துவிட்டன. இப்போது நெல்லை, தென்காசி வட்டாரப் பள்ளிகளுக்கெல்லாம் இத்தகைய மென்பொருள்களின் விற்பனைப் பிரதிநிதிகள் வந்து போகிறார்கள். வாங்கலாமா வேண்டாமா என்று தலைமையாசிரியர்களும் அலுவலகப் பணியாளர்களும் என்னிடம் கேட்பதால் இதை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. இதில் கண்ட குறைகளில் பெரும்பாலானவை இவ்வகை மென்பொருள்கள் பலவற்றிலும் இருக்கக்கூடியவை.

நாங்கள் வாங்கியதற்குக் காரணம் வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும், தாமிரபரணி கரைபுரண்டு நெல்லைச் சந்திப்பு வரை மூழ்கடித்ததையும் இவ்வட்டாரத்தில் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் அலுவலக அறைக்குள் இடுப்பளவுத் தண்ணீர் நின்றது. பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த சேர்க்கைப் பதிவேடுகளைத் தண்ணீர் வடிந்த பிறகுதான் எடுக்க முடிந்தது. மாடி வகுப்பறையில் பெஞ்சுகளின் மேல் அவற்றை விரித்து, தாள்களுக்கு இடையே செய்தித்தாளைச் செருகி, பல நாள் மின்விசிறிக் காற்றில் உலர்த்தினோம். ஊற்றுப்பேனா மையால் எழுதப்பட்ட பழைய பக்கங்களில் பெயர்கள் நீல நிறக் கறையாகப் பரவியிருந்தன. ஒட்டிக்கொண்ட இரண்டு தாள்களைப் பிரிக்கும்போது ஒரு தாளில் இருந்த பிறந்த தேதி மறு தாளோடு போய்விட்டது. அறுபது வயதைக் கடந்த பழைய மாணவர்கள்கூட வயதுச் சான்றுக்காக இந்தப் பதிவேட்டைத் தேடித்தான் வருகிறார்கள். அந்த ஒரு வாரத்துக்குப் பிறகு, கணினிப் பதிவு தேவையா என்ற கேள்வியே பள்ளிக் குழுவில் எழவில்லை. எதை வாங்குவது என்பதைத்தான் பேசினோம்.

இத்தகைய மென்பொருளை மதிப்பிட எனக்குத் தெரிந்த முதல் அளவுகோல், அது ஒரு பிள்ளையின் பெயரைச் சேர்க்கையன்று எழுதியபடியே மாற்றுச் சான்றிதழ் வரை பிழையின்றிக் கொண்டுபோய்ச் சேர்க்கிறதா என்பதே. மற்ற வசதிகளை நான் பிறகுதான் பார்ப்பேன். இந்த அளவுகோலில் நாங்கள் வாங்கிய மென்பொருள் முதல் ஆண்டு முழுவதும் தேறவில்லை.

படிவத்தின் முதல் இரண்டு கட்டங்கள் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று கேட்டன. இரண்டையும் நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. நம் பிள்ளைகளுக்குக் குடும்பப்பெயர் கிடையாது. இருப்பது தந்தை பெயரின் முன்னெழுத்து மட்டுமே. எங்கள் எழுத்தர் முதலில் அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளியை வைத்தார். சான்றிதழில் பெயருக்குப் பின்னால் அந்தப் புள்ளி தனியாக அச்சானது. பிறகு முன்னெழுத்தை அங்கே எழுதினார். பெயருக்கு முன்னும் பின்னும் முன்னெழுத்து வந்தது. தமிழ்ப் பெயரைத் தனியே தட்டச்சு செய்ய இடமில்லை. ஆங்கிலத்தில் எழுதியதை மென்பொருளே தமிழாக மாற்றித்தரும் என்றார்கள். அப்படி மாற்றியதில் ஆறுமுகத்தின் மகள் இசக்கியம்மாள் ‘ஏ. ஏசக்கியம்மாள்’ ஆனாள். ஆங்கிலத்தில் ஏ என்று எழுதப்படும் முன்னெழுத்து அருணாசலத்தின் மகளுக்கு ‘அ’, ஆறுமுகத்தின் மகளுக்கு ‘ஆ’ என்பது அந்த மென்பொருளுக்குத் தெரியாது. முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்பது தமிழக அரசின் ஆணை. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்களில் பெயர் இரு மொழியிலும் அச்சாகிறது. அங்கே ஓர் எழுத்து பிழையானால், பிறகு கல்லூரியிலும் கடவுச்சீட்டு அலுவலகத்திலும் அதைத் திருத்த அலைவது அந்தக் குடும்பந்தான்.

இசக்கி என்ற பெயரை ஆங்கிலத்தில் ‘ஈ’ எழுத்தில் தொடங்குவாரும் உண்டு, ‘ஐ’ எழுத்தில் தொடங்குவாரும் உண்டு. பேச்சியம்மாளுக்கு இடையில் ‘டி’ சேர்ப்பாரும் சேர்க்காதாரும் உண்டு. ஆதார் அட்டையில் ஒரு விதமாகவும் பள்ளிப் பதிவில் ஒரு விதமாகவும் இருந்தால் மாணவருக்கான 12 இலக்கத் தேசிய அடையாள எண்ணான அபார் எண்ணை உருவாக்குவது தடைபட்டு நிற்கிறது. ஆகவே நல்ல மென்பொருளில் தமிழ்ப் பெயர், ஆங்கிலப் பெயர், ஆதாரில் உள்ளபடி பெயர் என்று மூன்று கட்டங்களும், இரு மொழி முன்னெழுத்துக்கு இரண்டு கட்டங்களும் இருக்க வேண்டும். ஓராண்டுக்காலம் விடாமல் எழுதிக் கேட்ட பிறகு எங்களுக்கு அவற்றைச் செய்துகொடுத்தார்கள். அதற்குள் நானூறுக்கும் மேற்பட்ட பெயர்களை எழுத்தரும் நானும் சனிக்கிழமைகளில் உட்கார்ந்து, உலர்த்திய பதிவேட்டோடு ஒப்பிட்டுக் கையால் திருத்தியிருந்தோம். ஓர் இடத்தில் அந்த நிறுவனத்தைப் பாராட்டவும் வேண்டும்: ஒரே வகுப்பில் நான்கு இசக்கிமுத்து இருப்பது இங்கே இயல்பு என்று சொன்னவுடன், தேடும்போது தந்தை பெயரும் தெருவும் சேர்ந்து தெரியும்படி ஒரே வாரத்தில் மாற்றிக்கொடுத்தார்கள்.

அகரவரிசையும் இதே கதைதான். கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொது முறையான யுனிகோடில் எழுத்துகளின் குறியீட்டு எண்கள் நம் நெடுங்கணக்கின் வரிசையில் அமையவில்லை. ‘ஜ’ என்பது ‘ச’வுக்கும் ‘ஞ’வுக்கும் நடுவே இருக்கிறது, ‘ன’ என்பது ‘ந’வை அடுத்து வருகிறது, புள்ளி எல்லா உயிர்மெய்க் குறிகளுக்கும் பின்னால் நிற்கிறது. அந்த எண் வரிசைப்படியே அடுக்கினால் ஜெயலட்சுமி தங்கத்துக்கு முன்னால் வந்துவிடுவாள், முத்து என்பது முதலி என்பதற்குப் பின்னால் போய்விடும். தமிழ் முறைப்படி அடுக்குவதற்கான விதிகள் கணினியில் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்த மென்பொருள் எழுதுபவர் ஓர் அமைப்பை மாற்றினால் போதும். வாங்குமுன் பத்துப் பெயர்களைக் கொடுத்து அடுக்கிக்காட்டச் சொல்லுங்கள்.

சமூகப் பிரிவிலும் இதே நிலையைப் பார்க்கலாம். பிற மாநிலங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட மென்பொருளில் பொது, ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. என்று நான்கே தேர்வுகள் இருந்தன. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர், பிற்படுத்தப்பட்ட முஸ்லிம், மிகப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர், ஆதிதிராவிடர், அருந்ததியர், பழங்குடியினர் என்ற பிரிவுகள் தனித்தனியே இல்லாமல் ஒரு கல்வி உதவித்தொகைப் பட்டியலும் தயாராகாது. மாவட்டப் பட்டியலில் தென்காசி இல்லை. அது 2019 நவம்பரில் தனி மாவட்டமாகி ஆண்டுகள் பல கடந்துவிட்டன. இவை இரண்டும் கேட்ட மாதத்திலேயே சரிசெய்யப்பட்டன.

வருகைப்பதிவுக்கு வருகிறேன். நம் பதிவேட்டில் முற்பகல், பிற்பகல் என்று நாளுக்கு இருமுறை குறிப்போம். மென்பொருள் நாளுக்கு ஒருமுறைதான் கேட்டது. அதனால் மதிய உணவுக்குப் பிறகு காணாமல் போகும் பிள்ளை அதன் கணக்கில் நாள் முழுவதும் பள்ளியில் இருந்தான். இந்தக் குறையும் இரண்டாம் ஆண்டில் தீர்ந்தது. ஆனால் பெற்றோருக்குப் போகும் குறுஞ்செய்தியில் உள்ள சிக்கல்களை விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் விற்பனைப் பிரதிநிதிகள் முதலில் காட்டுவது அதைத்தான்.

ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து வரை இடமுண்டு. தமிழில் அனுப்பினால் 70. அதைத் தாண்டினால் துண்டு ஒன்றுக்கு 67. அதுவும் நாம் எண்ணுவதுபோல் அல்ல: ‘பள்ளி’ என்பது நமக்கு மூன்றெழுத்து, கணினிக்கு ஐந்து குறியீடு. ‘தங்கள் மகள் இன்று முற்பகல் பள்ளிக்கு வரவில்லை.’ என்ற வாக்கியத்துக்கு மட்டும் 46 இடம் செலவாகிறது. பிள்ளையின் பெயர், தேதி, பள்ளியின் பெயர் எல்லாம் சேர்ந்தால் 70ஐத் தாண்டிவிடும், இரண்டு செய்திக்கான காசு போகும். இதைக் காரணம் காட்டி ஆங்கிலத்திலேயே அனுப்பிவிடலாம் என்று நிறுவனம் அறிவுரை சொன்னது. நான் ஏற்கவில்லை. வீட்டில் இருந்து பீடி சுற்றும் தாய்க்குப் படிக்கத் தெரிந்த மொழியில் போகாத செய்திக்குக் காசு கொடுப்பதே வீண். மேலும், இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிப்படி மொத்தமாக அனுப்பும் செய்தியின் வாசகத்தை முன்கூட்டியே பதிவுசெய்து ஒப்புதல் பெற வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் காலை ஆறரைக்கு ஆட்சியர் விடுமுறை அறிவித்த பிறகு புதிதாக வாசகம் எழுதி அனுப்ப இயலாது. மழை விடுமுறை, உள்ளூர் விடுமுறை, ஈடுசெய்யும் சனிக்கிழமை வேலைநாள் என்று எல்லாவற்றுக்குமான வாசகங்களை ஜூன் மாதத்திலேயே பதிவுசெய்துவைத்துவிடுங்கள். முதல் ஆண்டு ஆனித் தேரோட்ட விடுமுறையை நாட்காட்டியில் குறிக்க மறந்துவிட்டோம். அன்று தேர் வடம் பிடித்துக்கொண்டிருந்த பெற்றோருக்கெல்லாம் பிள்ளை பள்ளிக்கு வரவில்லை என்ற செய்தி போய்ச் சேர்ந்தது.

இவற்றைவிடப் பெரிய பிழை யாருடைய எண்ணுக்கு அனுப்புவது என்பதில் இருந்தது. படிவத்தில் ‘பெற்றோர் கைபேசி’ என்று ஒரே கட்டம்; அதில் தந்தையின் எண்ணை எழுதுவதே வழக்கம். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் பள்ளிக்குப் புறப்பட்டு ஆற்றில் குளிக்கப் போய்விட்டான். காலை பத்து மணிக்குச் செய்தி சரியாகவே போயிற்று, திருப்பூரில் பனியன் கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்த தந்தைக்கு. அவர் அதை இரவில்தான் பார்த்தார். மறுநாள் அந்தத் தாய் வந்து அலுவலக வாசலில் நின்று, “வரலைன்னு எனக்குல்லா சார் சொல்லியிருக்கணும்? அவுக திருப்பூர்ல கெடந்து என்ன செய்வாக? நான் இங்ஙனதான இருக்கேன், ஓடிப் போயிப் பாத்திருப்பம்லா” என்றார். பையன் நலமாகத்தான் திரும்பியிருந்தான். ஆனால் அந்த ஆற்றில் எத்தனை பிள்ளைகளை இழந்திருக்கிறோம் என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். அதன்பின் ஒவ்வொரு வகுப்பாசிரியரும் பகலில் வீட்டில் இருப்பவர் யார், அவருடைய எண் எது என்று கேட்டுப் பதிவுசெய்தோம். மென்பொருளில் அதற்குக் கட்டம் இல்லாததால் ‘பாதுகாவலர்’ என்ற இடத்தை அதற்குப் பயன்படுத்திக்கொள்கிறோம். இரண்டு நாள் வேலைதான். இந்த மென்பொருளால் பள்ளிக்குக் கிடைத்த மிகப் பெரிய பயன் அந்தப் பட்டியல் என்றே நினைக்கிறேன்.

அலுவலகப் பணியில் இப்போது கிடைக்கும் உதவியைக் குறைத்துச் சொல்லக் கூடாது. மே மாதத்தில் மாற்றுச் சான்றிதழ் எழுதுவது முன்பு எழுத்தருக்கு ஒரு வாரத்துக்கு மேற்பட்ட வேலை. இப்போது சரிபார்த்துக் கையொப்பமிடும் நேரமே ஆகிறது. ஆசிரியர் விடுப்பெடுத்த நாளில் எந்தப் பாடவேளைக்கு யார் போவது என்பதைக் காலை ஒன்பதரைக்குள் பட்டியலிட்டுத் தருகிறது. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான மத்திய அரசின் உதவித்தொகைக்கு யார் யார் விண்ணப்பிக்கலாம் என்பதைப் பெற்றோர் தொழிலைக் கொண்டு ஒரு நிமிடத்தில் பிரித்தெடுக்க முடிகிறது. முன்பு அறிவிப்புப் பலகையைப் பார்க்காத பிள்ளைகள் அதை இழந்துகொண்டிருந்தார்கள். குறை என்னவென்றால், பள்ளி, மாணவர் விவரங்களைத் திரட்டும் தமிழக அரசின் எமிஸ் தளத்திலும் மத்திய அரசின் யுடைஸ் தளத்திலும் நாங்கள் எப்படியும் விவரங்களைப் பதிய வேண்டும். தனியார் மென்பொருளில் எழுதியது அங்கே தானாகப் போகாது. எழுத்தருக்கு இரட்டை வேலை. எமிஸ் எண்ணையும் பள்ளியின் 11 இலக்க யுடைஸ் குறியீட்டையும் எல்லாப் பட்டியலிலும் சேர்த்து எக்செல் கோப்பாக எடுக்க முடிந்தால் அந்தச் சுமை பாதியாகும். விற்பனைக் காட்சியின்போதே அதைச் செய்துகாட்டச் சொல்ல வேண்டும்.

இனிக் கற்றல் பகுதி. விலைப்பட்டியலில் மூன்றில் ஒரு பங்கு இதற்குத்தான். வீட்டுப்பாடத்தைப் படமெடுத்து ஏற்றலாம், காணொளி பார்க்கலாம், தேர்வு எழுதலாம் என்றார்கள். வந்த காணொளிகள் எங்கள் பாடத்திட்டத்தைச் சேர்ந்தவை அல்ல. தமிழ்வழி மாணவருக்கு ஒன்றுமே இல்லை. தமிழகப் பாடநூல்களிலேயே கியூஆர் குறியீடு அச்சாகியிருக்கிறது, அரசின் மணற்கேணி செயலி கட்டணமின்றிக் கிடைக்கிறது. அப்படியிருக்க இதற்கு ஏன் தனியே கொடுக்க வேண்டும்? பிள்ளையிடம் தனிக் கைபேசி உண்டு என்ற எண்ணத்தில் எழுதப்பட்ட மென்பொருள் இது. எங்கள் பிள்ளைகளில் பலருக்கு இரவு எட்டு மணிக்கு மேல் அண்ணனோ தாயோ தரும் அரைமணி நேரந்தான் கைபேசி.

அதனால் இரண்டாம் ஆண்டில் கணினி ஆய்வகத்தில் இருந்த ஒரு பழைய கணினியில் மூடில் என்ற கற்றல் மேலாண்மை மென்பொருளை நிறுவினேன். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மார்ட்டின் டௌகியாமாஸ் உருவாக்கி 2002இல் முதற்பதிப்பாக வெளியிட்ட கட்டற்ற மென்பொருள் அது. உரிமக் கட்டணம் இல்லை, இணைய இணைப்பும் கட்டாயமில்லை. ஆய்வகத்துக்குள் உள்ள கம்பி இணைப்பே போதும். அமைத்துக்கொடுக்க ஓரளவு கணினி அறிந்த ஒருவர் பள்ளியில் இருக்க வேண்டும் என்பது உண்மை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் இருந்த எங்கள் வினாத்தாள்களை யுனிகோடுக்கு மாற்றுவதற்கே ஒரு கோடை விடுமுறை முழுவதும் ஆனது. அரசு 2010இலேயே யுனிகோடை ஏற்றுக்கொண்டிருந்தும் நாங்கள் மாற்றாமல் வைத்திருந்தோம்.

மூடில் என்ன செய்தது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பதினோராம் வகுப்பில் எண் முறைகள் பாடம் முடிந்ததும், −24 என்ற எண்ணின் 2-இன் நிரப்பியை (கழித்தல் எண்ணைக் கணினி 0, 1 என்ற இலக்கங்களால் எழுதும் வடிவம்) எட்டு பிட்டில் தருக என்று ஒரு கேள்வி வைத்தேன். விடை 11101000. தேர்வெழுதிய 38 பேரில் 21 பேர் 11100111 என்று குறித்திருந்தார்கள். தாளில் திருத்தியிருந்தால் 21 தவறு என்று போட்டுவிட்டு, பாடம் புரியவில்லை என முடிவுசெய்து முழுவதையும் மறுபடி நடத்தியிருப்பேன். மூடில் ஒவ்வொரு விடையையும் எத்தனை பேர் தேர்ந்தெடுத்தார்கள் என்று காட்டியது. 21 பேரும் ஒரே இடத்தில் நின்றிருந்தார்கள். 24ஐ 00011000 என்று சரியாக மாற்றி, பூச்சியத்தை ஒன்றாகவும் ஒன்றைப் பூச்சியமாகவும் சரியாகத் திருப்பி, கடைசியில் ஒன்று கூட்டுவதை மட்டும் விட்டிருந்தார்கள். மறுநாள் பத்து நிமிடம், கரும்பலகையில் அந்தக் கடைசிக் கூட்டலை மட்டும் செய்துகாட்டினேன். அடுத்த தேர்வில் அந்தப் பிழையைச் செய்தவர் மூவர்.

பாதுகாப்பைப் பற்றி விற்பவர் பேசமாட்டார், நாம் கேட்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் எண்ணியத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத அனைவரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களுடைய விவரங்களைக் கையாளப் பெற்றோரின் உறுதிசெய்யப்பட்ட ஒப்புதல் வேண்டும் என்கிறது. சாதி, வருமானம், ஆதார், வீட்டு முகவரி எல்லாம் வெளியார் ஒருவரின் கணினியில் இருக்கப்போகின்றன. அவை எங்கே வைக்கப்படுகின்றன, யாரெல்லாம் பார்க்கலாம், ஒப்பந்தம் முடிந்தால் எங்கள் பதிவுகள் எந்த வடிவில் எங்களுக்குத் திரும்பக் கிடைக்கும் என்று எழுத்தில் கேட்டோம். கடைசிக் கேள்விக்கு முதலில் வந்த விடை, பி.டி.எஃப். ஆகத் தருவோம் என்பது. எழுநூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் விவரத்தை அந்த வடிவில் வாங்கினால் வேறு எந்த மென்பொருளிலும் ஏற்ற முடியாது, மறுபடி கையால் தட்டச்சு செய்ய வேண்டியதுதான். எல்லா அட்டவணைகளும் எக்செல் வடிவில் வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிய பிறகே பணம் கொடுத்தோம். வாங்க நினைப்போருக்கு நான் வற்புறுத்திச் சொல்வது இந்த ஒரு நிபந்தனையைத்தான்.

ஆண்டுக்கு மாணவருக்கு 60 ரூபாய் கொடுத்துவந்தோம். சேவைப் பிரிவில் தமிழில் பேசுகிறார்கள், அழைத்தால் எடுக்கிறார்கள், இரண்டுமுறை நேரில் வந்தும் போனார்கள். மூன்றாம் ஆண்டுக்குக் கற்றல் பகுதியை விட்டுவிட்டு அலுவலகப் பகுதியை மட்டும் 40 ரூபாய்க்குப் புதுப்பித்திருக்கிறோம். மிச்சமான தொகையில் ஆய்வகத்துக்கு ஒரு யூபிஎஸ் வாங்கினோம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் எழுத்தர் முழுப் பதிவையும் ஒரு ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்து, உலர்த்திய சேர்க்கைப் பதிவேடுகள் இப்போது இருக்கும் மாடி அறைப் பீரோவின் மேல்தட்டில் வைத்துப் பூட்டுகிறார்.